ராணிக்காசு

பெரிய கடை வீதியில் ஒரு நகைக்கடை. மின்தராசில், அம்மாவைப் பெற்ற அமுச்சியின் ராணிக்காசை வைத்தேன். 11.42 என்று நின்றது. அச்சடித்த அன்று அது 11.66 கிராம். அந்தக் கால் கிராம் எத்தனை மடிகளில், எத்தனை சந்தைகளில் தேய்ந்து போனதோ. விக்டோரியா ராணியின் மூக்கு மழுங்கி, கிரீடம் மட்டும் கொஞ்சம் தட்டுப்படுகிறது.

11.66 கிராம்தான் ஒரு தோலா. அமுச்சிக்கு அது 'ரூவா எடை'. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. திப்பிலியோ கடுக்காயோ, காசையே படிக்கல்லாகப் போட்டு நிறுத்த காலம்.

காசு நல்லதா என்று பார்க்க அவளுக்குக் கண் வேண்டியதில்லை. விரல் நுனியில் ஒரு காசை நிறுத்தி இன்னொன்றால் தட்டுவாள். ஓசை நீண்டுகொண்டே போகும். அது அடங்கும்வரை நாங்கள் மூச்சுவிட மாட்டோம். சில காசு சீக்கிரம் அடங்கிவிடும். "இது சண்டைக்காசு, சாமி" என்று தனியே வைப்பாள்.

பிற்பாடு படித்துத்தான் புரிந்துகொண்டேன். 1940-இல் போர்ச் செலவு நெருக்க, ரூபாயில் 91.7 விழுக்காடு இருந்த வெள்ளியை 50 ஆக்கினார்கள். மீதி 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். எடை மாறவில்லை. கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவே பள்ளம் வந்தது. பழைய நல்ல காசுகளைப் படிப்படியாகச் செல்லாதவை என்று அறிவித்துத் திரும்ப வாங்கினார்கள். 1947-இல் ரூபாய் முழு நிக்கல் ஆனது. அமுச்சி மட்டும் தன் காசுகளைக் கொடுக்கவே இல்லை. "சர்க்காரு செல்லாதுன்னா வெள்ளி செல்லாமப் போயிருமா?"

இந்த மண்ணுக்கே அந்தக் காது உண்டு என்று நினைத்துக்கொள்வேன். நொய்யல் கரையில், கோவையை ஒட்டிய வெள்ளலூரில், 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கி.பி. 64-இல் ரோமப் பேரரசன் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் இந்தப் பக்கம் அரிது. மிளகுக்கும் பச்சைக்கல்லுக்கும் விலை சொன்னவர்கள் தட்டிப் பார்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

அமுச்சியின் காசுகளில் பாதி கிணற்றுக்குள் போயிற்று, வெட்டியவர்களுக்குக் கூலியாக. இருபதை ஆசாரி உருக்கி அம்மாவுக்குக் கொலுசு செய்தார். ரூபாய் வெள்ளி என்றால் தரம் தெரிந்த வெள்ளி, உரைத்துப் பார்க்கும் வேலையில்லை. சிறு வயதில் அம்மா நடந்து வரும்போது இருபது ராணிகள் வருவதாக எண்ணிக்கொள்வேன்.

மிச்சம் இரண்டுதான். இது, இன்னொன்று 1944.

"உருக்கறதுக்குங்களா?" என்றார் கடைக்காரர். ராணிக்காசில் பத்தரை கிராம் வெள்ளி தேறும், மற்றதில் ஆறு கிராம்கூட வராது என்று கணக்குப் போட்டுவிட்டிருந்தார்.

பதில் சொல்லாமல் ராணிக்காசை விரல் நுனியில் நிறுத்தி, 1944-ஆல் தட்டினேன்.

உள்ளே கணக்கெழுதிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். விசிறியை நிறுத்தச் சொன்னார்.

"இன்னொருக்கா தட்டுங்க."