திருமலை மன்னர் மாளிகை

திண்டுக்கல் சமவெளியில் எந்தத் திசையில் நடந்தாலும் மலைக்கோட்டைப் பாறை நம் கண்ணைவிட்டு அகலாது. 1605ஆம் ஆண்டளவில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய அக்கோட்டையைப் பின்னர்த் திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். மைசூரிலிருந்து மதுரை நோக்கி வரும் படையைத் தடுத்து நிறுத்த இதனினும் ஏற்ற இடம் இல்லை. பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற எங்கள் ஊர், அந்நாளில் மதுரை நாட்டின் வடவாயிலுக்கே பூட்டாக விளங்கிற்று எனலாம். பூட்டை நாள்தோறும் கண்டு வளர்ந்த எனக்கு, அது காத்து நின்ற மாளிகையையும் காணவேண்டும் என்னும் அவா எழுந்தது.

ஒரு விடுமுறை நாளில் புறப்பட்டேன். இடப்புறம் சிறுமலை நெடுந்தொலைவு உடன்வந்தது. சின்னாளப்பட்டியையும் வாடிப்பட்டியையும் கடந்து, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சென்றதும் மதுரை வந்தது. கடைகளும் வண்டிகளும் நெருங்கிய தெருக்களின் நடுவே மாளிகை நிற்கிறது. வெளியிலிருந்து நோக்குவார்க்கு அதன் பெருமை முழுதும் புலனாவதில்லை. வாயிலைக் கடந்து முற்றத்தில் அடிவைத்தபோதுதான் நான் திகைத்து நின்றேன். நாற்புறமும் ஏறத்தாழ நாற்பதடி உயரத் தூண்கள். ஒருவர் இரு கைகளையும் விரித்தாலும் தழுவ இயலாத பருமன் உடையவை. தூணுக்குத் தூண் வளைவுகள். அவ்வளைவுகளில் சுதையால் ஆன யாளிகள், இலைகள், கொடிகள்.

முற்றத்தின் மேற்கே உள்ளது சொர்க்க விலாசம். மன்னர் அரசு வீற்றிருந்த மண்டபம் அது. அதன் நடுவிலுள்ள குவிமாடம் ஏறத்தாழ அறுபதடி விட்டம் உடையது. அண்ணாந்து பார்த்தேன். உத்திரம் ஒன்றும் அதனைத் தாங்கவில்லை. பிறகு எதனால் நிற்கிறது? வளைவில் அடுக்கிய ஒவ்வொரு செங்கல்லும் தன் அண்டைக் கல்லை நெருக்குகிறது. அந்த நெருக்கமே கல்லைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் தள்ளும் பாரத்தைத் தடித்த தூண்கள் ஏற்றுத் தரைக்கு அனுப்புகின்றன. ஆதலின் தூண்களின் பருமன் வெறும் ஆடம்பரம் அன்று. அவற்றின் மேற்பூச்சுக்குச் சுண்ணத்துடன் முட்டையின் வெண்கருவையும் சேர்த்து அரைத்தனர் என்பர். தடவிப் பார்த்தால் பளிங்கோ என ஐயுறத் தோன்றும்.

இம்மாளிகை 1636இல் எழுந்தது. அக்காலம் வியத்தகு காலம்! ஆக்ராவில் 1632இல் தொடங்கிய தாஜ்மகால் வளர்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் 'பரோக்' என்னும் கட்டடக்கலை ஓங்கியிருந்தது. காண்பவரை மலைக்கவைக்கும் பேரளவும், வளைவுகளும், குவிமாடங்களும், செறிந்த சுதை வேலையும் அக்கலையின் இயல்புகள். பதினான்காம் லூயி மன்னர் வெர்சேல்சு அரண்மனையை விரித்துக் கட்டத் தொடங்கியதோ 1661இல்தான். மதுரை மாளிகையை இத்தாலியர் ஒருவர் வகுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 1606 முதலே இத்தாலியப் பாதிரியார் இராபர்ட்டு தெ நொபிலி மதுரையில் வாழ்ந்தமையால், ஐரோப்பியர் வரவு இங்குப் புதிதன்று. எனினும் யாளியை வடித்த கை நம் நாட்டுக் கொத்தனார் கையே என்பதில் எனக்கு ஐயமில்லை. வளைவு எந்நாட்டினதாயினும், அதன்மீது ஏறி நிற்பது நம் கோயில் யாளி அன்றோ?

இத்துணைப் பெரிதாய்த் தோன்றும் இது, பழைய மாளிகையின் ஒரு பகுதியே. முழு மாளிகை இதைப்போல் நான்கு மடங்கு இருந்தது என்பர். எஞ்சிய பகுதி எங்கே? எந்த மாற்றானும் அதனை இடிக்கவில்லை. 1659இல் திருமலை மன்னர் மறைந்தார். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, புது அரண்மனைக்காக இங்கிருந்து பொருள்களைப் பெயர்த்துக்கொண்டு போனார். பாட்டனார் பொன்போல் போற்றியதைப் பேரன் கல்லும் மரமுமாகவே கண்டார் போலும்! பகைவரைத் தடுக்க எங்கள் ஊர்ப் பாறை இருந்தது. பேரனைத் தடுக்க ஒன்றும் இல்லை.

அதன்பின் மாளிகை நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதன் அருமையை உணர்ந்து பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். பின்னர் மாவட்ட நீதிமன்றம் இங்கே நடைபெற்றது. 1970 வரை அது நீடித்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். ஆகவே, எங்கள் பகுதி உழவர்களும் தம் வழக்குகளுக்காக இத்தூண்களின் இடையே வந்து காத்திருந்தனர். என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். மாளிகையைப்பற்றிக் கேட்டால் மன்னரையோ குவிமாடத்தையோ அவர் குறிப்பிடமாட்டார். "சித்திரை வெயிலிலும் அந்தத் தூண் குளிர்ந்திருக்கும், தம்பி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எழ மனம் வராது" என்பார். மன்னரின் கொலுமண்டபத்தில் குடியானவரும் முதுகு சாய்த்தார் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆள் நடமாட்டம் இருந்தமையால் கூரை காக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தேன்.

நாடகசாலையில் வைத்துள்ள கற்சிற்பங்களைக் கண்டபின் வெளியே வந்தேன். சற்றுத் தொலைவில் ஒரு தெருவில் பத்துக் கருங்கல் தூண்கள் தனித்து நிற்கின்றன. அத்தெருவுக்குப் பெயரே பத்துத்தூண். மாளிகையைச் சேர்ந்த மற்றொரு மண்டபத்தில் எஞ்சியவை அவை என்பர். மேலே கூரை இல்லை; கீழே துணிக்கடைகள் நெருங்கியிருந்தன. கடைக்காரர் ஒருவர் புடைவையை விரித்து வந்தவரிடம் விலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல், மிக உயரத்தில், தூணின் உச்சியில் இரண்டு புறாக்கள் அமர்ந்திருந்தன.