ஐந்து தலைப் பாம்பும் வெடிக்கிற சீடையும்: கோகுலாஷ்டமிக்கு ஊத்துக்காடு பக்கம் போனால்...

கும்பகோணத்திலிருந்து பட்டீஸ்வரம் வழியாகத் தென்மேற்கே போகும் சாலையில் ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊத்துக்காடு. மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வந்த வருஷமென்றால், ஆவணி மாதம் இந்த வழியில் இரண்டு பருவத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் குறுவைக் கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருக்கும். அடுத்த வயலில் சம்பாவுக்கு நாற்றங்கால் பச்சையாக நிற்கும். கோகுலாஷ்டமியும் இந்தச் சமயத்தில்தான் வரும்.

ஊத்துக்காட்டுக் கோயில் சின்னது. ஆனால் குழந்தைகளை அழைத்துப் போனால் அவ்வளவு சீக்கிரம் வெளியே வரமாட்டார்கள். அங்கே இருப்பவர் காளிங்க நர்த்தனப் பெருமாள். படமெடுத்த பாம்பு, அதன் தலைமேல் ஆடுகிற ஒரு சின்னப் பையன், அவன் கையில் பாம்பின் வால். பாம்பின் தலைக்கும் அதன்மேல் இருக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து எடுக்குமளவு இடைவெளி இருக்கிறது என்றும், வாலைப் பிடித்த கைதான் மொத்த எடையையும் தாங்குகிறது என்றும் சொல்வார்கள். பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிற்பியை வியப்பார்கள். பிள்ளைகளின் கேள்வி வேறு. "பாம்பு கடிக்காதா?"

'தாயே யசோதா' பாட்டைத் தந்த வேங்கட கவியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த ஊர்தான். அதனால் பாட்டுக்காக வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் பாம்பைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அக்டோபர் 31 நெருங்கினால் பெருநகரத்து பேக்கரிகள் சிலவற்றில் பேய் முகம், சிலந்தி, மண்டையோடு வடிவத்தில் பிஸ்கட் வைக்கிறார்கள். 'இதெல்லாம் நம்ம ஊர் வழக்கமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. கிருஷ்ணன் கதையில் பேய்க்குப் பஞ்சமே இல்லை. பாலில் விஷம் வைத்த பூதனை, வண்டிச் சக்கரமாக வந்த சகடாசுரன், சூறாவளியாக வந்து தூக்கிப்போன திருணாவர்த்தன், மடுவில் கிடந்த காளிங்கன் எல்லோரும் ஒரு குழந்தையைக் கொல்ல வந்தவர்கள் அல்லது அந்தக் குழந்தையிடம் தோற்றவர்கள். இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து மாவு உருட்டச் சொல்லும் நாள் கோகுலாஷ்டமி. பயமுறுத்துகிற கதையும் கையில் மாவும் சேர்ந்து வருவது டெல்டாவுக்குப் புதிதல்ல.

கடல் தாண்டினால் இன்னும் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை செய்வார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காயைச் சின்னச் சின்னப் பல்லாக நறுக்கிச் செருகி, குழந்தையின் தலையில் கொட்டுவார்கள். இளிக்கிற கொழுக்கட்டை! ஹாலோவீன் பிஸ்கட்டுக்கு அது கொஞ்சமும் இளைத்ததல்ல. மெக்சிகோவிலும் இறந்தோர் நாளுக்கு ரொட்டியின் மேல் மாவாலேயே எலும்பு வடிவம் வைத்துச் சுடுகிறார்கள்.

சரி, சீடைக்கு வருவோம். டெல்டா வீடுகளில் கோகுலாஷ்டமியன்று உண்மையான பயம் பூதனையால் வருவதில்லை. உப்புச் சீடையால் வருகிறது.

சீடை வெடிக்கும். கொதிக்கும் எண்ணெயில் போட்ட சில நொடியில் 'டப்' என்று பிளந்து, எண்ணெயோடு மேலே பறக்கும். உத்தரம் வரை போன சீடையின் கதை பல வீடுகளில் உண்டு. சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாலு வயதுப் பிள்ளை நின்றிருந்தால் அது சிரிப்புக் கதையாக முடிந்திருக்காது.

ஏன் வெடிக்கிறது? உருண்டையின் மேற்பகுதி எண்ணெயில் சட்டென்று இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியே போக வழியில்லாதபோது ஓட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. கரையாத உப்புக்கல், சலிக்காத மாவில் கிடக்கும் குருணை, ஈரத் தேங்காய்த் துண்டு, வறுக்காத உளுத்தம்மாவு எல்லாம் இதற்குத் துணை போகும். இவற்றைவிடப் பெரிய காரணம், அழகாக வரவேண்டும் என்று இறுக்கி, வழவழவென்று உருட்டுவது.

ஆகவே கோலி மாதிரி பளபளப்பான சீடைதான் ஆபத்தானது. மேலே கீறலும் கோணலுமாக, 'என்னடா இது' என்று கேட்கத் தோன்றும் சீடை பத்திரமானது. கீறல் வழியாக ஆவி போய்விடும். பிள்ளைகளை உருட்ட விடலாமா என்று தயங்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில பிள்ளைகள் ஆர்வத்தில் கல் மாதிரி அழுத்திவிடும். "அழுத்தாதே கண்ணா, சும்மா உருட்டு" என்று நாலு தரம் சொல்ல வேண்டியிருக்கும்.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்த மாவுதான் இங்கே வழக்கம். இப்போது மிஷினில் கொடுத்து வாங்குகிறார்கள். மாவை லேசாக வறுத்து, இரண்டு தடவை சலிக்க வேண்டும். 1 கப் அரிசி மாவுக்கு, வறுத்து அரைத்த உளுத்தம்மாவு 1 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், கொஞ்சம் எள், பெருங்காயம். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். இந்த ஒன்றைச் சோம்பலில் விடுபவர்கள்தான் அதிகம். பிள்ளைகள் உருட்டியதை வெள்ளைத் துணியில் பரப்பி, 15 நிமிஷம் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சியால் குத்தச் சொல்லலாம். அந்த வேலையை அவர்கள் உருட்டுவதைவிட ஆசையாகச் செய்வார்கள். வெல்லச் சீடைக்கு வேறு கவலை. பாகு கூடிப்போனால் அது எண்ணெயில் பிரிந்துவிடும்.

பொரிக்கும் நேரத்தில் பிள்ளைகள் அடுக்களையில் இருக்கக்கூடாது. இதில் செல்லம் கொடுக்க இடமே இல்லை. முதலில் இரண்டு சீடையை மட்டும் போட்டுப் பார்த்து, ஒரு தட்டைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு நிற்பது பழைய பழக்கம். தப்பித் தவறி எண்ணெய் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். பேனா மை, டூத்பேஸ்ட், இட்லி மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். முகத்தில் பட்டாலோ கொப்புளம் பெரிதானாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

அந்த நேரத்தில் பிள்ளைகளை என்ன செய்வது? அதற்குத்தான் கிருஷ்ணர் பாதம். அரிசி மாவைக் கரைத்து, பிள்ளையின் மூடிய கையை அதில் தோய்த்து, பக்கவாட்டில் தரையில் பதித்தால் குட்டிப் பாதம். மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி. வாசலிலிருந்து பூஜை அறை வரை போட்டு முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். ஒரு பாதம் தெற்கே, ஒரு பாதம் கிழக்கே என்று கிருஷ்ணர் தள்ளாடி நடந்து வந்திருப்பார். திருத்த வேண்டாம்.

எண்ணெய்ச் சட்டியே வேண்டாம் என்று நினைக்கும் இளம் அம்மாக்கள் இப்போது பிஸ்கட் பக்கம் போகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. தஞ்சாவூர் அரண்மனை 19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரச் சமையலைப் பார்த்துவிட்டது. இரண்டாம் சரபோஜி காலத்துச் சமையல் நூலான சரபேந்திர பாகசாஸ்திரத்தில் ஆங்கிலேயப் பக்குவங்களும் இருக்கின்றன. அந்தச் சுவடியை வைத்திருப்பது தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம்.

ஊத்துக்காடு போய் வந்த வீட்டில் செய்ய ஏற்றது காளிங்கன் பிஸ்கட். முட்டை கிடையாது. 1 கப் மைதா அல்லது கோதுமை மாவு, அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் பொடித்த சர்க்கரை, அரை கப் நெய், ஏலக்காய். நெய்யையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, மாவு சேர்த்து, உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் பால் விட்டுப் பிசையலாம். சோடா, பேக்கிங் பவுடர் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் பாம்பு உப்பிப்போய்த் தவளையாகிவிடும். பிள்ளைகள் விரல் தடிமனில் திரித்து, ஜிலேபி மாதிரி சுருட்டி, நுனியைத் தட்டையாக அமுக்கிப் படமாக்குவார்கள். கண்ணுக்கு இரண்டு கறுப்பு எள். நாக்குக்கு டூட்டி ஃப்ரூட்டியின் மெல்லிய சீவல்.

15 நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சுட்டால் வடிவம் கலையாது. ஓவனில் 170 டிகிரியில் 15 நிமிஷம். ஓவன் இல்லையா, அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மூடி 10 நிமிஷம் சூடேற்றி, உள்ளே ஒரு ஸ்டாண்டு வைத்து, தட்டை இறக்கிச் சிறு தீயில் 20 முதல் 25 நிமிஷம். சூடாக இருக்கும்போது தொட்டால் உடையும். ஆறவிட வேண்டும்.

ஐந்து தலை வைத்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு வைக்க விடுங்கள். எப்படியும் இரண்டு தலையாவது ஒடியும். அது கிருஷ்ணன் மிதித்ததால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரவில் நேரமும் தெம்பும் இருந்தால், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கும் வரகூருக்குப் போகலாம். வயிற்று வலியோடு வந்த நாராயண தீர்த்தரை ஒரு வராகம் வழிகாட்டி இங்கே கொண்டுவந்து சேர்த்தது, அவர் தம் கிருஷ்ண லீலா தரங்கிணியை இங்கேதான் பாடினார் என்பது ஊர் நம்பிக்கை. அஷ்டமியன்று உறியடியும் வழுக்கு மரமும் இங்கே பிரபலம். எண்ணெய் தடவிய மரத்தில் ஏறுகிறவர் வழுக்கி வழுக்கி விழ, கூட்டம் தண்ணீரை வாரி அடிக்கும். தூங்கி வழிந்த பிள்ளைகளும் அப்போது எழுந்துவிடுவார்கள். கூட்டம் அதிகம் என்பதால் கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஓரமாக நிற்பது நல்லது.

வீட்டில் நைவேத்தியத்துக்குச் சீடை, முறுக்கு, அவல், வெண்ணெய் என்று வழக்கமானவைதான். பாம்பு பிஸ்கட்டைப் பூஜையில் வைக்கலாமா கூடாதா என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. வைக்காத வீடுகளில் அது மறுநாள் டிபன் டப்பாவில் ஏறி, தலை ஒடிந்தபடியே பள்ளிக்கூடம் போகிறது.