காலந் தவறாத பொறி

அமெரிக்க நாட்டு வீடுகளின் கொல்லைப்புறங்களில் இளைஞர் சிலர் ஈடுபடும் விளையாட்டொன்றுண்டு. நீர் செல்லும் பிளாஸ்ரிக் குழாய்களை இணைத்துப் பீரங்கி செய்வர். அதன் வாயிலே உருளைக்கிழங்கொன்றை இறுகச் செருகுவர். பின்னறையில் எரியத்தக்க வாயு சிறிது செலுத்தப்படும். பொறி தட்டியதும் முழக்கத்துடன் கிழங்கு வானிற் பாயும். ஆயினும் கிழங்கு பறக்கும் கணத்திலும் சிந்தனைக்குரிய கணம் வேறொன்றுண்டு. பொத்தானை அழுத்திய பின்னரும் எதுவும் நிகழாத கணமே அது.

அப்போது பீரங்கி அணைந்துவிட்டதா, அன்றிக் காத்திருக்கின்றதா என்பதை இளைஞன் அறியான். அருகிற் சென்று குனிந்து நோக்கும் ஆவல் அவனை உந்துகின்றது. அவ்வாவலிலேதான் ஆபத்து உறைகின்றது. முழங்கும் பீரங்கிக்கு எவரும் விலகி நிற்பர். முழங்காத பீரங்கியையே அணுகுவர். ஆகவே நம்பத்தகுந்த தீமூட்டலைத் தேடுதல் விளையாட்டின் சுவையை மிகுவிக்கும் முயற்சி மட்டுமன்று. கண்ணையும் கையையும் காக்கும் முயற்சியுமாகும்.

பிழை பொறியிலேயே உள்ளதென இளைஞன் முதலிற் கருதுவது இயல்பு. சிக்கிமுக்கிக் கல்லைக் கைவிட்டு, அடுப்பு மூட்டும் கருவியொன்றிலிருந்து அழுத்த மின்பொறியைப் பெயர்த்தெடுக்கின்றான். சில பளிங்குகளை அழுத்தினால் மின் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர் 1880 இற் கண்டறிந்தனர். அத்தத்துவமே இச்சிறு கருவியில் இயங்குகின்றது. விரலின் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக மாறுகின்றது. நீலப் பொறி தவறாது பாய்கின்றது. எனினும் முதன்முறை முழங்கிய பீரங்கி இரண்டாம் முறை ஊமையாகிவிடுகின்றது.

காரணம் யாது? எரிந்த வாயு அறையினுள்ளேயே தங்கிவிட்டது, ஒட்சிசன் போதவில்லை. அன்றி வாயுவின் அளவு பிழைத்தது. புரொப்பேன் வாயு காற்றிலே ஏறத்தாழ 2 வீதத்திற்குக் குறைந்தாலும், 9.5 வீதத்தை விஞ்சினாலும் தீப்பற்றாது. இவ்வெல்லைகளுக்கு அப்பால் எத்துணை வலிய பொறியும் பயனற்றதே. தீ மூளாமைக்குப் பெரும்பாலும் பொறி குற்றவாளியன்று. பொறி சென்று சேரும் காற்றே விசாரணைக்குரியது.

இவ்வுண்மையை இருநூறாண்டுகளுக்கு முன்னரே இத்தாலியர் ஒருவர் விளையாட்டினூடாகவே எய்தினார். 1776 நவம்பர் மாதத்தில் அலெசாந்திரோ வோல்ற்றா மகியோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலினாற் கிளறினார். குமிழிகளாய் எழுந்த வாயுவைக் கொள்கலத்திற் பிடித்தார். இன்று மெதேன் எனப்படும் வாயு அது. அப்போது அவருக்கு வயது 31. எரியும் வாயுவையும் காற்றையும் சிறு கலமொன்றிற் கலந்து, தக்கையால் அடைத்து, உள்ளே மின்பொறி பாயுமாறு செய்தார். வெடியோசையுடன் தக்கை பறந்தது. வோல்ற்றாவின் கைத்துப்பாக்கி எனப் பெயர்பெற்ற அக்கருவியை, கிழங்குப் பீரங்கியின் முன்னோர் எனக் கூறுதல் மிகையாகாது. கோமோவிலிருந்து மிலான் வரை கம்பியிழுத்து, ஓரூரில் எழுப்பும் மின்னால் மற்றையூர்த் துப்பாக்கியை வெடிக்கச் செய்யலாம் என்றும் 1777 இல் அவர் எழுதினார்.

வெடியோசையிலேயே மகிழ்ந்து அவர் நின்றிருப்பின், அது வேடிக்கைப் பொருளாகவே முடிந்திருக்கும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு வாயு கலந்தால் வெடிக்கும், எப்போது வெடியாது, வெடித்த பின் எஞ்சுவது எவ்வளவு என அவர் அளக்கத் தொடங்கினார். தக்கையை நீக்கி, அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குழாயை அமைத்தார். துப்பாக்கி காற்றை அளக்கும் கருவியாயிற்று. மூடிய கலத்தில் மின்பொறி பாய்ச்சும் அம்முறையையே இங்கிலாந்திற் கவென்டிசு கையாண்டார். ஐதரசன் எரிந்தால் நீர் உண்டாகும் என்பதைக் காட்டும் அவருடைய ஆய்வு 1784 இல் வெளிவந்தது. நீர் தனிப்பொருள் என்ற பழங்கொள்கை அதனால் ஆட்டங்கண்டது.

வோல்ற்றாவின் பொறி பிறிதொரு வழியிலுஞ் சென்றது. 1807 இல் டி றிவாசு என்பவர் ஐதரசனை மின்பொறியால் எரித்து இயங்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் காலந் தவறாத பொறியை ஆக்குவதற்கு மேலும் ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன. ஜேர்மனியிற் பொசு நிறுவனத்தைச் சேர்ந்த ஹொனோல்ட் 1902 இல் உயரழுத்த மின்காந்தப் பொறியூட்டியை உருவாக்கிய பின்னரே மோட்டார் வண்டியின் நீண்டகாலத் தலையிடி பெரிதும் தணிந்தது. தமிழிற் பொறி என்னுஞ் சொல் தீத்துளியையும் எந்திரத்தையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நம்பத்தகுந்த தீ என்பது வேண்டியபோது மூளுந் தீ மட்டுமன்று. வேண்டாதபோது மூளாத தீயுமாகும். நீருக்கென ஆக்கப்பட்ட பிளாஸ்ரிக் குழாய் வெடிப்பைத் தாங்கவென ஆக்கப்பட்டதன்று. உடைந்தாற் கூரிய சில்லுகளாய்ச் சிதறும். ஆகையால் அவ்விளைஞனின் தேடல் செம்மையான பொறியோடு முற்றுப்பெறுவதன்று. குழாயையும், தான் நிற்கும் இடத்தையும் அவன் ஐயுறக் கற்றல் வேண்டும். பீரங்கி ஊமையாகிய கணத்தில் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துபவனும் உளன்; விலகி நின்று, ஏன் எனக் கேட்பவனும் உளன். சேற்றங்கரையிற் குமிழிகளைக் கண்ட வோல்ற்றா இரண்டாமவர். அவருக்கு வாய்த்த மின்கருவிகள் இன்றைய அடுப்புக் கருவியிலும் எளியவையே. அவர் கேட்ட கேள்வியோ பெரிது.