ஜம்ப் ஸ்டிக்: இருக்கலாமா, கூடாதா?

முதல்ல ஒரு எச்சரிக்கை மக்களே. இந்தப் பதிவுல வரப்போற ஆட்டத்தோட இங்கிலீஷ் பேரை அப்படியே தமிழ்ல எழுதினா நீங்க சிரிப்பீங்க, வீட்ல பெரியவங்க பக்கத்துல இருந்தா முறைப்பாங்க. அதனால 'நைன் பால்'னே எழுதிடறேன் :-)

ஸ்னூக்கருக்குத் தம்பி முறை ஆகற ஆட்டம். டேபிள் சின்னது, 9 அடிக்கு 4½ அடி. பந்து கொஞ்சம் பெருசு, 57 மில்லிமீட்டர் சொச்சம். 1-லேர்ந்து 9 வரைக்கும் நம்பர் போட்ட பந்துங்க. டேபிள்ல இருக்கறதுலயே சின்ன நம்பரைத்தான் வெள்ளை முதல்ல தொடணும். தொட்டதுக்கு அப்புறம் எது விழுந்தாலும் சரி, 9 விழுந்தா ஆட்டம் முடிஞ்சது. தொடலைன்னா ஃபவுல். எதிராளி வெள்ளையைக் கையில எடுத்து இஷ்டப்பட்ட இடத்துல வெச்சு அடிக்கலாம். நல்லா ஆடறவன் கையில அப்படிக் கொடுத்துட்டா, நீங்க ஸ்டிக்கை ஓரமா சாத்திட்டு டீ குடிக்கப் போகலாம்.

சரி, தொட வேண்டிய பந்துக்கும் வெள்ளைக்கும் நடுவுல வேற பந்து நந்தி மாதிரி உக்காந்திருந்தா? ரெண்டே வழிதான். குஷன்ல மோதவிட்டு சுத்தி வரணும். இல்லைன்னா தாண்டிக் குதிக்கணும். தாண்டறதுக்குன்னே தனியா ஒரு குட்டி ஸ்டிக் கடையில விக்குது. அதை ஆட்டத்துல சேக்கலாமா கூடாதாங்கறதுதான் தட்டாஞ்சாவடியில எங்க குரூப்ல ரெண்டு மாசமா நடந்த சண்டை. ரங்கசாமி தொகுதியில இருந்துகிட்டு அரசியல் பேசாம இதுக்கு சண்டை போட்டோம்னா பாத்துக்கோங்க, எவ்வளவு சீரியஸ்னு.

எங்க ஏரியாவுல ஒரு மாடியில ரெண்டு டேபிள் போட்டு வெச்சிருக்கார் ஒருத்தர். சனிக்கிழமை ராத்திரி அங்கதான் எங்க கூட்டம். சாஃப்ட்வேர் ஆளுங்க மூணு பேர், பேங்க்ல வேலை பாக்கற நண்பர், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சிருக்கற அண்ணன், ஹோட்டல்ல வேலை பாக்கற ஒரு தம்பி, இன்னும் நாலஞ்சு பேர். இதுல தம்பிதான் கில்லாடி. சொந்த ஸ்டிக் கிடையாது. சுவத்துல மாட்டியிருக்கற வளைஞ்ச ஸ்டிக்ல ஒண்ணை எடுத்து டேபிள் மேல உருட்டிப் பாத்துட்டு ஆரம்பிப்பான். ரெண்டு குஷன், மூணு குஷன் சுத்தி வந்து பந்தைத் தொடுவான். அதைவிட முக்கியம், அடிக்க வழி இல்லைன்னா வெள்ளையைக் கொண்டுபோய் ஒளிச்சு வெச்சுடுவான். நாம முழிச்சுகிட்டு நிக்கணும்.

பேங்க் நண்பர் ஒரு நாள் ஜம்ப் ஸ்டிக்கோட வந்தார். வெளிநாட்டு கம்பெனி, விலை ஐந்து இலக்கம். தம்பி ஒளிச்சு வெச்ச பந்தை பொத்துன்னு தாண்டிப்போய் தொட்டுட்டார். அன்னிக்கு மூணு தடவை. அப்பதான் தம்பி கேட்டான்:

"அண்ணே, நான் வருஷக்கணக்கா நின்னு நின்னு கத்துகிட்டு ஒளிச்சு வைக்கறேன். இவர் ஒரு வாரம் யூட்யூப் பாத்துட்டு, பையிலேர்ந்து ஒரு குட்டி ஸ்டிக்கை எடுத்துத் தாண்டிடறார். அப்ப நான் கத்துகிட்டதுக்கு என்ன மரியாதை? ஜம்ப் ஸ்டிக் விட்டீங்கன்னா நான் டோர்னமெண்டுக்கு வரல."

டோர்னமெண்ட்னா பெருசா ஒண்ணுமில்ல, தலைக்கு 300 ரூபா, பதினாறு பேர். ரூல் எழுதற வேலை என் தலையில. (கீபோர்டு வெச்சிருக்கறவன்தானே எல்லாத்தையும் டைப் அடிக்கணும்!) தம்பி கேட்டது ராத்திரி முழுக்க மண்டையில ஓடிச்சு. ஏன்னா அவன் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா முழு நியாயம் இல்லைன்னு தோணிச்சு.

அந்த குட்டி ஸ்டிக் என்ன மாயம் பண்ணுதுன்னு முதல்ல பாக்கலாம். கொஞ்சம் ப்ளஸ் டூ பிசிக்ஸ், பயப்படாதீங்க. பந்துக்கு அடியில ஸ்டிக்கை விட்டு கிளப்பறது ஜம்ப் இல்ல, அதை வேணும்னு பண்ணினா ஃபவுல். நிஜமான ஜம்ப்ல ஸ்டிக்கோட பின்பக்கத்தைத் தூக்கி, பந்தை மேலேர்ந்து கீழ்நோக்கி அடிக்கணும். பந்து துணிக்குக் கீழ இருக்கற கல்லுல மோதி எகிறும். சிக்கல் என்னன்னா, அடிச்ச ஸ்டிக் அங்கேயே வழியை மறிச்சுகிட்டு நிக்கும். பந்து சுமார் 165 கிராம், சாதாரண ஸ்டிக் சுமார் 540 கிராம். மோதல்ல சக்தி எதுவும் வீணாகலைன்னு வெச்சுகிட்டு கணக்கு போட்டா, மோதினதுக்கு அப்புறமும் ஸ்டிக் தன் வேகத்துல பாதிக்கு மேல வெச்சுகிட்டு கீழ வந்துகிட்டே இருக்கும். எகிற வர்ற பந்து அது மேலயே முட்டிக்கும். அதே ஸ்டிக் 250 கிராமா இருந்தா? வேகம் ஐந்துல ஒரு பங்கா குறைஞ்சுடும். பந்து தப்பிச்சுப் போயிடும். அவ்வளவுதான் ரகசியம். தோல் முனைக்கு பதிலா கெட்டியான முனை இருந்தா, தொட்டுகிட்டு இருக்கற நேரமும் குறையும், இன்னும் சுலபம். நீளம் குறைவா இருக்கறது, செங்குத்தா பிடிச்சு அடிக்க வசதியா இருக்கும்னுதான்.

ஆக, சாதாரண ஸ்டிக்லயும் தாண்ட முடியும், ரொம்ப கஷ்டம். ஜம்ப் ஸ்டிக் அந்தக் கஷ்டத்தைப் பாதியாக்குது. தம்பியோட கோவமே அந்தப் பாதி மேலதான்.

இந்த வாதத்துல தம்பிக்கு ஊட்டியிலேர்ந்தே சப்போர்ட் உண்டு! ஸ்னூக்கர் நம்ம நாட்டுல பொறந்த ஆட்டம். 1875-ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லைன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஆரம்பிச்சு வெச்சது, 1880-கள்ல ஊட்டி க்ளப்ல ரூல் எழுதி மாட்டினாங்க. அந்த ஆட்டத்துல வெள்ளை நேரா இன்னொரு பந்தைத் தாண்டினா ஃபவுல், குறைஞ்சது 4 பாயிண்ட் போச்சு. ஸ்டிக் குட்டியா நெட்டையாங்கற கேள்வியே அங்க கிடையாது. எதிராளியை மறைச்சு மாட்டி விடறதுக்கே 'ஸ்னூக்கர் பண்றது'ன்னுதான் பேரு. ஆட்டத்தோட பேரா இருக்கற விஷயத்தை ஒரு குதிகுதிச்சு அழிக்க விடுவாங்களா?

நைன் பால்ல தாண்டலாம், தாண்டற ஸ்டிக்கும் வெச்சுக்கலாம். ஆனா டபிள்யூ.பி.ஏ.ங்கற உலக அமைப்போட விதிப்படி எந்த ஸ்டிக்கும் 40 இன்ச்சுக்குக் குறைய முடியாது. அந்தக் கோடு இல்லைன்னா உருட்டுக்கட்டை சைஸுக்குக் கொண்டு வந்திருப்பாங்க நம்ம ஆளுங்க.

நம்ம ஊர்லயே இன்னொரு மாதிரி பதில் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க 1954-ல கிளம்பினாலும் பெத்தாங்க் ஆட்டத்தை பாண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. இரும்புக் குண்டைச் சின்ன மரக்குண்டு பக்கத்துல போடற ஆட்டம். குண்டு 650-லேர்ந்து 800 கிராம் வரைக்கும் எது வேணும்னாலும் எடுத்துக்கலாம். பக்கத்துல கொண்டுபோய் வைக்கறவருக்கு ஒரு எடை, எதிராளி குண்டை அடிச்சுத் தூக்கறவருக்கு வேற எடை. ஆனா ஆட்டம் ஆரம்பிச்சாச்சுன்னா குண்டை மாத்த முடியாது. மறைச்சிருந்தா, கையில இருக்கற அதே குண்டைத்தான் உசரமா தூக்கிப் போட்டு தாண்ட வைக்கணும். தம்பிகிட்ட இதைச் சொன்னதும் "பாத்தீங்களா, பாண்டி ரூலே என் பக்கம்தான்"னான்.

லேத் அண்ணன் கட்சி வேற. "ன்னா தம்பி, கிரிக்கெட்ல பேட்டை மாத்தலையா?" அவர் சொன்னது 2010 ஐ.பி.எல்.ல ஹேடன் நம்ம சி.எஸ்.கே.வுக்கு ஆடின மங்கூஸ் பேட். கைப்பிடி நீளம், பலகை குட்டை. டெல்லிக்கு எதிரா 43 பந்துல 93. விதிக்குள்ள இருந்துச்சு, யாரும் தடை பண்ணலை, கொஞ்ச நாள்ல அதுவாவே காணாம போச்சு. அதே கிரிக்கெட்ல 1979-ல லில்லி அலுமினியம் பேட்டோட பெர்த்ல இறங்கினார். பந்து கெட்டுப்போகுதுன்னு இங்கிலாந்து கேப்டன் சத்தம் போட்டார், அப்புறம் பேட்டுன்னா மரம்தான்னு விதியே வந்துடுச்சு. ஆக புதுசுன்னு தடை பண்றதில்ல, ஆட்டத்தைக் கெடுக்குதான்னு பாக்கணும்.

அப்ப ஜம்ப் ஸ்டிக் நைன் பாலைக் கெடுக்குதா? கெடுக்கலைன்னுதான் எனக்குப் படுது. ஏன்னு சொல்றேன்.

நைன் பால்ல எந்தப் பந்து எந்த ஓட்டைன்னு சொல்லிட்டு அடிக்க வேண்டியதில்ல. ஒருத்தன் தப்பா அடிச்சு, பந்துங்க எல்லாம் ஓடி, தற்செயலா வெள்ளை ஒரு பந்துக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும். அடிச்சவன் திட்டமே போடலை, ஆனா மாட்டினது நான். ஸ்னூக்கரைவிட இதுல அதிர்ஷ்டத்துக்கு வேலை ஜாஸ்தி. குருட்டு அதிர்ஷ்டத்துல மாட்டினவனுக்கு ஒரு பதில் வேணும். ஜம்ப் ஸ்டிக் அந்த பதில்.

தெரிஞ்சே ஒளிச்சு வைக்கறவனோட திறமை? இங்கதான் தம்பியோட எனக்கு வாதம். மறைக்கற பந்தை ஒட்டினாப்பல, ஒரு விரல் இடைவெளியில வெள்ளையை வெச்சுட்டா, எங்க கூட்டத்துல யார் எந்த ஸ்டிக்கைக் கொண்டு வந்தாலும் தாண்ட முடியாது. தூரமா நிறுத்தினாத்தான் தாண்ட இடம் கிடைக்கும். அதாவது ஜம்ப் ஸ்டிக் சுமாரா ஒளிச்சு வெச்சதைத்தான் அழிக்குது, நல்லா ஒளிச்சு வெச்சதை இல்ல. தாண்டினவனுக்கும் வெள்ளை எங்க போய் நிக்கும்னு தெரியாது. டேபிளை விட்டே எகிறி கீழ விழுந்தா அதுவும் ஃபவுல்தான். நிதானமா குஷன்ல சுத்தி வர்றவன், தொடவும் தொடறான், திருப்பி ஒளிச்சும் வைக்கறான். எஃப்ரென் ரேயஸ்னு ஒரு பிலிப்பைன்ஸ் மேதை, 1999 உலக சாம்பியன். 1990-கள் நடுவுல ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிரா ரெண்டு குஷன்ல 'இசட்' எழுத்து மாதிரி வெள்ளையை ஓட்டின ஷாட்டை இன்னிக்கும் ஜனங்க போட்டுப் போட்டுப் பாக்கறாங்க. எந்த ஸ்டிக் வந்தும் அதை யாரும் மறக்கலை.

இதையெல்லாம் சொன்னதுக்கு தம்பி ஒரே வரியில முடிச்சான். "சரிண்ணே, ஆனா அந்த ஸ்டிக் அவர்கிட்டதானே இருக்கு."

ஆங், அதுதான் விஷயம். நாங்க ரெண்டு மாசமா திறமை திறமைன்னு பேசினதுல பாதி காசைப் பத்தின பேச்சு. இது ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா காசுக்கு வழி சுலபம். அன்னிக்கே லேத் அண்ணன், மூலையில கிடந்த உடைஞ்ச ஸ்டிக் ஒண்ணைப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனார். அளவு எழுதிக் கொடுத்தேன்: 40 இன்ச்சுக்கு மேல, எடை எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. வெளிநாட்டு ஸ்டிக்ல முனைக்கு பீனாலிக்னு ஒண்ணு போடறாங்கன்னு விளக்க ஆரம்பிச்சேன். அண்ணன் சிரிச்சுட்டார். "அட, ஹைலம் தம்பி! பேனல் போர்டுக்கு வெட்டற ஐட்டம். பட்டறை பூரா துண்டு கிடக்கு." கடைஞ்சு, ஒட்டி, மூணாவது நாள் கொண்டு வந்தார். 41 இன்ச். பாக்க முருங்கைக்காய்க்குப் பூண் போட்ட மாதிரி இருக்கு, ஆனா தாண்டுது! கெட்டி முனையை சில போட்டிகள்ல விடறதில்ல, எங்க மாடிக்கு அந்தக் கண்டிப்பு வேண்டாம்னு முடிவு பண்ணினோம்.

நான் டைப் அடிச்ச ரூல்: சொந்த ஜம்ப் ஸ்டிக் யாரும் கொண்டு வரக்கூடாது. சுவத்துல மாட்டியிருக்கற ஹைலம் ஸ்டிக்தான், யார் வேணும்னாலும் எடுக்கலாம். பேங்க் நண்பர் ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசலை. பாவம், அவர் காசு. ஓனர் மட்டும் கடைசி நேரத்துல குறுக்க விழுந்தார், "துணி கிழிஞ்சா யாருப்பா குடுப்பீங்க?" நியாயமான கேள்வி. மேலேர்ந்து குத்தறதுல துணியில வெள்ளையா தடம் விழுது, தப்பா குத்தினா கிழியவே செய்யும். தலைக்கு 300-ங்கறது 350 ஆச்சு. ஜம்ப் பழகறவங்க வெள்ளைக்கு அடியில ஒரு துண்டுத் துணி போட்டுத்தான் பழகணும்னு இன்னொரு வரியும் சேந்துச்சு.

தம்பி வந்தான். அரையிறுதி வரைக்கும் போனான். ஹைலம் ஸ்டிக்கைத் தொடவே இல்லை, ஆனா வெள்ளையை முன்னைவிட ஒட்டி ஒட்டி வெச்சான். பேங்க் நண்பர் ரெண்டு தடவை ஸ்டிக்கை எடுத்து, குனிஞ்சு பாத்துட்டு, திருப்பி மாட்டிட்டு வந்தார். தம்பி தோத்தது ஓட்டை வாசல்ல இருந்த 9-ஐ விட்டதால. அதுக்கு எந்த ரூலும் பொறுப்பில்ல.

அடுத்த மாசம் ஓனர் ரெண்டு டேபிளுக்கும் துணி மாத்தப் போறார். பழைய துணியை வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு தர்றேன்னு சொல்லியிருக்கார், ஜம்ப் பழக. தம்பி பெரிய துண்டா ஒண்ணு கேட்டிருக்கான்.