கட்டை போட ஆள் இல்லை

2023 செப்டம்பர் 11 அதிகாலை. திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு வேன் பஞ்சராகி நின்றது. கர்நாடகச் சுற்றுலா முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அதில் இருந்தார்கள். டயர் மாற்றும்வரை சிலர் இறங்கி வேனுக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் ஏறியது. 7 பெண்கள் இறந்துபோனார்கள்.

வேன் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் இந்தச் செய்தியைப் பேசப்போய்த்தான் நான் மன்னார்புரம் போனேன். "டயர் மாத்தத் தெரிஞ்சவன் தெருவுக்குத் தெரு இருக்கான். எங்க நிறுத்தி மாத்தணும்னு தெரிஞ்ச ஆளைப் பாக்கணும்னா சேட்டன் கடைக்கு வாங்க" என்றார்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற சாலை திருச்சிக்குள் டி.வி.எஸ். டோல்கேட் தாண்டி மன்னார்புரம் வழியாகத்தான் எடமலைப்பட்டிபுதூர், பஞ்சப்பூர் என்று இறங்குகிறது. மேலே பாலத்தில் லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்க, கீழே அணுகுசாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. வேப்ப மரத்தில் தொங்கும் பழைய லாரி டயர்தான் பெயர்ப்பலகை. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் பஞ்சர் கடை என்றாலே மலையாளி என்றிருந்த காலத்தின் மிச்சம் இந்தக் கடை. ரப்பர் அவர்கள் ஊர்ப் பயிர். எம்.ஆர்.எஃப். கம்பெனியைத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையும் அந்த ஊர்க்காரர்தான். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்து, 1952-இல் பழைய டயர்மேல் ஒட்டும் ரப்பருக்கு மாறியவர். நம்ம சேட்டனுக்கு அந்த யோகம் இல்லை. பதினைந்து வயதில் கொச்சி லாரியில் கிளீனராக ஏறி, திருச்சியில் இறங்கியவர், இங்கேயே தங்கிவிட்டார்.

நான் போன நேரம் புதுக்கோட்டைக்குப் போகும் குடும்பம் ஒன்று காரை நிறுத்திவிட்டுக் கை காட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம், வலது சக்கரம். கார் நின்ற இடம் பாலத்திலிருந்து அணுகுசாலைக்கு இறங்கும் வளைவு. சேட்டன் டயரைப் பார்க்கவே இல்லை. வளைவைத்தான் பார்த்தார். "வண்டியை முன்னால எடுங்க சாரே, அந்த வெட்டவெளி வரைக்கும்."

"காத்தில்லாம ஓட்டினா டிஸ்க் போயிடுமே?"

"டிஸ்க் வளைஞ்சா அடிச்சு நிமித்தலாம்."

கார் ஊர்ந்தது. இடதுபக்கம் மண் வரைக்கும் ஒதுங்கியது. நாலு பக்க இண்டிகேட்டரும் மின்ன, ஹேண்ட்பிரேக் இழுத்து, முதல் கியரில் நின்றது. பாட்டியும் குழந்தைகளும் இறங்கி நிழலுக்காக வண்டியின் முன்புறம் போனார்கள். சேட்டன் குரலை உயர்த்தியது அப்போதுதான். வண்டிக்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. ரோட்டை விட்டு முழுசாக இடப்பக்கம் இறங்கி, தள்ளிப் போய் நிற்க வேண்டும். அவருக்கு நாட்றம்பள்ளிச் செய்தி தெரிந்திருக்கவில்லை. தெரியாமலேயே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கட்டை. மூலைக்கு மூலை, இடது முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. புளிய மரத்தில் சரிவாகச் சீவிய கட்டை. விளிம்பு நைந்து, டயர் கடித்த தடம் கருத்துப்போயிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முழ நைலான் கயிறு. எதற்கு என்று கேட்டேன். கட்டையை உருவும்போது கை சக்கரத்துக்கு அடியில் போகக் கூடாதாம். கயிற்றைப் பிடித்து இழுத்தால் போதும்.

நம்மில் பலர் முதலில் ஜாக்கியைத்தான் தேடுவோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு கால் சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கியபின் இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் சக்கரமும் சுழலும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவும். இளக்கிய பிறகு ஜாக்கி. அதற்கு அடியில் ஒரு பலகை, ஏனென்றால் திருச்சி வெயிலில் தார் இளகிக் கிடக்கும். காரின் ஓர விளிம்பில் ஜாக்கிக்கென்றே இடம் இருக்கிறது. அதை விட்டு வேறெங்கு வைத்தாலும் தகடுதான் மடங்கும். சக்கரத்தைக் கழற்றுமுன் ஸ்டெப்னியைப் படுக்கையாக வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். ஜாக்கி ஏமாற்றினால் வண்டி அதன்மேல் உட்காரும். காலோ கையோ நசுங்காது. ஸ்டெப்னியை வெளியே எடுத்ததும் கழற்றிய சக்கரம் அந்த இடத்துக்குப் போனது. நட்டுகளைக் கையாலேயே திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியை இறக்கியபின் கடைசி இறுக்கு. ஸ்பேனர்மேல் ஏறிக் குதிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. போல்ட்டு இழுபட்டு, அடுத்த தடவை முறியுமாம். ஐம்பது, நூறு கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழ் தேடுவது, சொல்யூஷன் தடவி ஒட்டுவது எல்லாம் எல்லாரும் பார்த்ததுதான். ட்யூப்லெஸ் வந்தபின் அதுவும் ஒரு ரப்பர்க் குச்சியைச் செருகுவதோடு முடிந்துவிடுகிறது.

லாரிச் சக்கரம் வேறு கதை. டிஸ்க்கோடு சேர்ந்து எடை நூறு கிலோவைத் தொடும்; காற்றும் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல். பழைய மாடல்களில் டயரைப் பிடித்து வைப்பது லாக் ரிங் என்ற ஒற்றை இரும்பு வளையம். அது சரியாக உட்காராமல் காற்று ஏறினால் பீரங்கிதான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சேட்டனிடம் கூண்டு இல்லை. வளையம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, சங்கிலியால் சுற்றி, நீளக் குழாயோடு தள்ளி நின்று அடிக்கிறார். அவர் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. சங்கிலி பிற்பாடு வந்தது.

பேச்சு திரும்பத் திரும்பக் கட்டைக்கே வந்தது. கிளீனராக அவர் முதலில் கற்றது அதைத்தான். வண்டி நின்ற மறு நொடி கட்டையோடு குதிக்க வேண்டும். மலையேற்றத்தில் நிற்பதற்கு முன்பே குதிக்க வேண்டும். ராத்திரியில் பஞ்சரானால் டிரைவர் ஸ்பேனர் பிடிப்பார். கிளீனரின் வேலை பின்னால் ஓடிப்போய் வேப்பங்கொத்தை ஒடித்துப் போட்டுவிட்டு, டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்பது. வருகிற வண்டி விலகவில்லை என்றால் கத்துவது. கத்தலைக் கேட்டதும் டிரைவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓரமாகப் பாய்வார்.

இன்றைக்குக் கார் டிக்கியில் சிவப்பு முக்கோணப் பலகை இருக்கிறது. பலபேர் அதன் உறையைப் பிரித்திருக்க மாட்டார்கள். பிரித்தவர்களும் வண்டிக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. பலகை 50 மீட்டர் பின்னால் இருந்தால்கூட அவனுக்குக் கிடைப்பது இரண்டு நொடிதான். பலகைக்குப் பதில் கல் வைப்பவர்கள் வேலை முடிந்ததும் கல்லை அப்படியே விட்டுப் போகிறார்கள். இருட்டில் பைக்கில் வருகிறவன் அதில் விழுகிறான். நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணைக் கூப்பிட்டால் ரோந்து வண்டி வந்து கூம்பு வைக்கும். ஆனால், அது வரும்வரை பின்னால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

அந்தக் கண்தான் போய்விட்டது. சேட்டன் கடைக்கு வருகிற லாரிகளில் கிளீனர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பது அபூர்வம். டிரைவரைக் கேட்டால் ஓனரைக் காட்டுகிறார். ஓனர் புக்கிங் ஆபீஸைக் காட்டுகிறார். சரக்கு ஏற்றுகிறவர் ஒரு வாடகை கொடுக்க, புரோக்கர் கை மாறி லாரிக்காரருக்கு வந்து சேருவது வேறொரு வாடகை. டீசலைக் குறைக்க முடியாது, டோலைக் குறைக்க முடியாது, தவணையைத் தள்ளிப்போட முடியாது. குறைக்க முடிந்தது ஒரு பையனின் பேட்டா. ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு மேசை மட்டும் வைத்திருப்பவர் கமிஷனில் பைசா விடுவதில்லை. நடுராத்திரியில் டயருக்கு முன் குந்தியிருப்பவனின் முதுகைக் காத்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். விபத்து நடந்தால் "டிரைவர் கவனக்குறைவு" என்று வழக்கு எழுதுவார்கள். கமிஷன் எந்த எஃப்.ஐ.ஆரிலும் வராது.

கார்க்காரர்களின் நிலைமையும் மாறி வருகிறது. ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், ஒட்டும் சாமானும் இருந்தால் சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னியே தேவையில்லை என்று மத்திய அரசு 2020-இல் விதியைத் திருத்திவிட்டது. குச்சி செருகினால் தீரும் ஓட்டைக்கு அது சரி. சைடு வால் கிழிந்தால் போன்தான் போட வேண்டும். அப்படி வருகிற அழைப்புகளை வாங்கிப் பஞ்சர் கடைகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சேட்டனும் கொஞ்சநாள் சேர்ந்திருந்தார். ராத்திரி அழைப்பு என்றால் அவர் கடைப் பையனையும் கூட்டிக்கொண்டுதான் போவார். பையன் கையில் டார்ச், தோளில் சிவப்புத் துணி.

"ஒரு டயருக்கு எதுக்கு ரெண்டு பேர்னு கேட்டான் சாரே. கம்ப்யூட்டர்ல ஒராள் கூலிதான் வருமாம்."

"என்ன சொன்னீங்க?"

"அந்தக் கம்ப்யூட்டரை வந்து பின்னால நிக்கச் சொன்னேன்."

அதோடு அந்தக் கம்பெனி அழைப்பு நின்றது. இப்போதும் ராத்திரி போன் வருகிறது, தெரிந்த டிரைவர்களிடமிருந்து. இரண்டு ஆள் கூலி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பேரம் பேசினால், விடிந்ததும் வருகிறேன், அதுவரை வண்டியை விட்டு இறங்கித் தள்ளி உட்காருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறார்.