திருப்பெரும்புதூரில் வேலை உண்டு, வீடு எங்கே?

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சென்றால் திருப்பெரும்புதூர் வரும். இராமானுசர் பிறந்த தலம் என்று வைணவ அன்பர்கள் போற்றும் ஊர் அது. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இராஜீவ் காந்தி கொலையுண்ட இடமும் அதுவே. கோயிலையும் நினைவிடத்தையும் காண வருவோர் இன்றும் உளர். ஆயினும் விடியற்காலை நான்கு மணி முதல் அச்சாலையை நிறைத்துச் செல்லும் நூற்றுக்கணக்கான பேருந்துகளில் இருப்போர் எதையும் காண வந்தவர் அல்லர். தூக்கம் கலையாத முகத்தைச் சன்னல் கண்ணாடியில் சாய்த்துக் கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆலைக்குச் செல்லும் பிள்ளைகள் அவர்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. 2006இல் வந்த நோக்கியா, 2014 நவம்பரில் கதவடைத்துச் சென்றது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசானும், 2012இல் டெய்ம்லரும் வேலையைத் தொடங்கின. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்-திருப்பெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்று பார்த்தால் ஆலைகளின் மதில்கள் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகின்றன. இடையிடையே ஏரிகளும், நெல் விளையும் சில வயல்களும் எஞ்சியுள்ளன.

இத்தனை பேரும் இரவில் எங்கே தலை சாய்க்கிறார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நாம் அவ்வழியே சென்றோம்.

பெருஞ்சாலையை விட்டு ஊர்த்தெருக்களில் இறங்கினால் விடை கிடைக்கும். முன்பு வைக்கோற்போரும் மாட்டுக்கொட்டிலும் இருந்த கொல்லைப்புறங்களில் இன்று லைன் வீடுகள் நிற்கின்றன. நீண்ட ஒரே சுவர், பத்தடிக்கு ஒரு கதவு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கோடியில் எல்லார்க்கும் பொதுவாய் இரண்டு கழிவறைகள். நாம் நுழைந்த ஓர் அறை பத்துக்குப் பத்து இருக்கும். ஒடிசாவிலிருந்து வந்த ஆறு இளைஞர்கள் அங்கே குடியிருந்தனர். கட்டில் இல்லை. பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மூவர் பகல் ஷிப்ட், மூவர் இரவு ஷிப்ட். ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்கும் விடுமுறை வந்துவிட்டால் இருவர் வாசற்படியில் படுக்க வேண்டியதுதான் என்று சிரித்துக் கொண்டே சொன்னார்கள்.

வாடகை வீட்டுக்கு அன்று, தலைக்கு. ஓர் ஆள் கூடினால் வாடகையும் கூடும். எழுத்தில் எதுவும் இல்லை. ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர்.

பத்துக்குப் பத்து என்றால் நூறு சதுர அடி. ஆறு பேருக்குப் பகிர்ந்தால் ஒருவர்க்குப் பதினாறு சதுர அடி சொச்சம். நகரங்களில் வீடின்றித் தெருவில் உறங்குவோர்க்காக நடுவண் அரசு வகுத்த காப்பகத் திட்டத்தில் ஒருவர்க்கு 50 சதுர அடி வேண்டும் என்று விதித்திருந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கி வாடகையும் கொடுப்பவனுக்குக் கிடைக்கும் இடம் அதில் மூன்றில் ஒரு பங்குதான்! அந்தக் காப்பகங்களும் ஒரு இலட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில் எழ வேண்டியவை. உச்ச நீதிமன்றம் 2010இல் வலியுறுத்திய அளவும் அதுவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருப்பெரும்புதூர்ப் பேரூரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேரே. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போயிற்று. இடையில் வந்து சேர்ந்தவர்கள் எந்த ஏட்டிலும் ஊர்க்காரராக ஏறவில்லை.

வீட்டுக்காரர்களைக் கொடியவர்களாகக் காட்டுவது எளிது. அதை நாம் செய்ய விரும்பவில்லை. நாம் சந்தித்த முதியவர் ஒருவர் தம் நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்தவர். "நெலம் போச்சு, காசு வந்தது. காசை வச்சு என்ன பண்றது? பையனுக்குக் கம்பெனியில வேலை கெடைக்கல. இந்த எட்டு ரூம்தான் இப்ப எங்களுக்கு வயல்" என்றார். எட்டு அறைகள் கட்டியவர் கழிவறை இரண்டோடு நிறுத்திக் கொண்டது ஏன் என்று கேட்டோம். "எவனும் கேக்கலையே ஐயா" என்றார். அந்த விடையில் பொய் இல்லை.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழக அரசு 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு சாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் அது வகுக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கலாகாது. வாடகைதாரரோடு மனத்தாங்கல் வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. நம் வாசகருள் வீடு வாடகைக்கு விட்டிருப்போரும் வாடகையில் குடியிருப்போரும் பலர் உளர். இருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஆனால் ஓர் அறைக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்பவற்றைப் பற்றி அச்சட்டம் அக்கறை கொள்ளவில்லை. தலைக்கு வாடகை என்னும் ஏற்பாடு எந்தத் தடையுமின்றி அதன் ஓரமாக நடந்து போய்விடுகிறது.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. கைப்பேசி முதலியவற்றைக் கோக்கும் மின்னணு ஆலைகள் பெரும்பாலும் அவர்களையே வேலைக்கு எடுக்கின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து, ப்ளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு வருகிறார்கள். நம் பங்குகளிலிருந்தும் சென்றிருப்பார்கள். அவர்களைத் தெருவில் அறை தேடவிட எந்தப் பெற்றோர்தாம் ஒப்புவர்? ஆகவே ஒப்பந்தக்காரர்கள் நடத்தும் விடுதிகள் வந்தன.

அந்த விடுதிகளுக்குள் என்ன நடந்தது என்பதை நாடு அறிந்தது 2021 டிசம்பரில். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி இருநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உண்மையில் எவரும் இறக்கவில்லை. ஆனால் தோழியைக் கண்ணால் பார்க்காமல் நம்ப அந்தப் பெண்கள் ஆயத்தமாக இல்லை. 17ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள்வரை சென்னை-பெங்களூரு பெருஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டனர். மார்கழிப் பனியில், நாம் இன்று விரைந்து கடந்த அதே சாலையில்! அவர்கள் தரையில் படுத்ததும், ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை அடைபட்டதும், சில இடங்களில் குழாயில் தண்ணீர் வராததும் செய்தி நிறுவனங்கள் வழியே வெளிவந்தன. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் அளவுகோலுக்கு ஏற்றவாறு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது.

பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும் என்று தமிழகச் சட்டம் 2014ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. ஏழாண்டுகளுக்குப் பின்னரும் விடுதிகளின் உட்புறம் உலகுக்குத் தெரிவதற்குப் பெருஞ்சாலை மறிக்கப்பட வேண்டியதாயிற்று.

அரசு சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே வல்லம்-வடகால் தொழிற்பூங்காவில் சிப்காட் நிறுவனம் 20 ஏக்கரில் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் முதலமைச்சர் திறந்து வைத்தார். பத்து மாடிகள் கொண்ட 13 கட்டடங்களில் 18,720 பேர் தங்கலாம். செலவு 706.50 கோடி ரூபாய். ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ மூன்றேமுக்கால் இலட்சம்! சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்தோம். 2011இல் திருப்பெரும்புதூர்ப் பேரூரில் இருந்த மக்களில் முக்கால் பங்கினர் அந்த மதிலுக்குள் அடங்குவர். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்க்காக ஒதுக்கப்பட்டது அது. பாயும் தரையுமாய்க் கிடந்த நாட்களோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒன்று நெருடுகிறது. வேலை கொடுப்பவரே வீடும் கொடுத்தால், வேலை போன அன்றே வீடும் போகும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1961ஆம் ஆண்டிலேயே, தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய தன் பரிந்துரையில், முதலாளிகள் நேரடியாக வீடு வழங்குவது பொதுவாக விரும்பத்தக்கதன்று என எழுதி வைத்தது. நம் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஒரு நிறுவனம் தன் ஊழியர்க்குத் தரும் சொந்த இடத்திற்குப் பொருந்தாது. கட்டில் நல்ல கட்டில்தான். ஆனால் அதில் படுப்பவர் சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் அல்லர்.

திருமணம் ஆனால்? விடுதி என்பது தனித்தவர்க்கே. 2024 ஜூனில், திருமணமான பெண்களை ஆலைகளில் வேலைக்கு எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு ராய்ட்டர்ஸ் செய்தி வழியே எழுந்தது. நிறுவனம் அதை உறுதியாக மறுத்தது. நடுவண் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் மணமாகி, கணவனோடு வாழ விரும்பி, வேலையையும் விடாதிருக்க நினைக்கும் பெண் இந்தச் சாலையில் எந்த வீட்டிற்குப் போவாள் என்று கேட்பது நம் வேலைதான். விடுதியில் அவளுக்கு இடமில்லை. ஆறு பேர் கொடுக்கும் வாடகையை இருவர் கொடுக்கும் அறை அருமை. "குடும்பத்தினருக்கு மட்டும்" என்று பலகை தொங்கும் வீடுகளின் வாடகை அவளது சம்பளத்திற்கு எட்டுவதில்லை.

வெளிநாட்டு நிலையும் வாசகர்க்குப் பழக்கமானதே. நம் ஊர்ப்பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் இத்தகைய விடுதிகளில் இருக்கிறார்கள். அங்கே 2020இல் கொரோனா விடுதி விடுதியாகப் பரவிய பின்னரே புதிய விதி வந்தது. இனிக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஒருவர்க்கு 4.2 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 45 சதுர அடி வேண்டும்; ஆறு பேருக்கு ஒரு கழிவறை வேண்டும். ஒரு தொற்றுநோய் வந்துதான் அளவுகோல் வர வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் அதே 2020இல் ஊர் நோக்கி நடந்த இலட்சக்கணக்கானோரைக் கண்ட பின்னரே, ஜூலையில், குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகங்களுக்கான நடுவண் திட்டம் பிறந்தது. இங்கும் படுக்கைகள் எழுந்தன. அறைக்கு எத்தனை பேர் என்று லைன் வீட்டு வாசலில் வந்து கேட்கும் அதிகாரிதான் இன்னும் வரவில்லை.

திரும்பும் வழியில் படப்பை பக்கம் நாவலூரைக் கண்டோம். அடையாற்றங்கரையில் குடியிருந்து, வெள்ளத்தின் பேராலும் ஆற்றுச் சீரமைப்பின் பேராலும் அகற்றப்பட்ட சென்னைக் குடும்பங்களுக்கு அரசு வாரியம் கொடுத்த அடுக்குமாடி வீடுகள் அங்கே உள்ளன. அவர்களுக்கு வீடு இங்கே, பழகிய வேலையோ சென்னையில். ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு வேலை இங்கே, வீடு ஒடிசாவில். மாலை ஆறு மணிக்கு நாவலூர்ப் பெண்கள் சிலர் சென்னையில் வீட்டு வேலை முடித்துப் பேருந்திலிருந்து இறங்கிக் கொண்டிருந்தனர். அதே நிறுத்தத்தில், எதிர்ப்பக்கம், இரவு ஷிப்டுக்குப் போகும் ஆலைப் பேருந்துக்காக நால்வர் நின்றிருந்தனர்.