அவனுக்கும் துக்கம் உண்டு

எங்கள் மதரஸாவில் ஓத வரும் சிறார்களிடையே 19 வயது இளைஞன் ஒருவனும் அமர்ந்திருப்பான். டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிக் குறைபாடு உடையவன். அல்ஹம்து சூராவைப் பாதிதான் ஓதுவான். ஆனால் தொழுகைக்கு வருவோரின் செருப்புகளை வரிசையாக அடுக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

திடீரென அவன் வருவது நின்றது. உணவை ஒதுக்கினான், உறக்கமும் போயிற்று. மஃரிப் நேரமானால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். "ஹஜ்ரத், ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கு, கொஞ்சம் ஓதிப் பாருங்க" என்று அவனுடைய அத்தா வந்து நின்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். ஏர்வாடிக்கு அழைத்துச் சென்று தங்கலாம் என்று உறவினர் கூறியபோது நானும் தலையசைத்தேன். பட்டப்படிப்பு படித்தவன் என்ற பெயர் வேறு எனக்கு!

மறுத்தவர் அவனுடைய தாயார்தாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி 28 மனநோயாளிகள் மாண்டதை அவர் மறந்திருக்கவில்லை. பின்னாளில் அங்கே துஆவுடன் மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்தது. ஆயினும் அந்தத் தாயின் மனத்தில் நின்றது பழைய தீதான்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்டது, "எப்போதிலிருந்து இப்படி?" என்பதே.

நன்னி மவுத்தான மறு வாரத்திலிருந்து. மஃரிபுக்குப் பின் தம் கையால் அவனுக்குச் சோறூட்டியவர் அவர். ஜனாஸா அன்று அவனை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, "நன்னி ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவனுக்கு என்ன விளங்கும் என்ற நினைப்பு!

அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு, மனநோய் வேறு. ஆனால் அக்குறைவு உடையோரையும் மனச்சோர்வு தாக்கும், பிறரைக் காட்டிலும் மிகுதியாகவே தாக்கும் என்று மருத்துவர் விளக்கினார். வாயால் சொல்ல இயலாததால் அது உண்ணாமையாகவும் முரட்டுத்தனமாகவும் வெளிப்படும். நாமோ எல்லாவற்றையும் பிறவிக் குறையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். டவுன் சிண்ட்ரோம் உடையோரிடம் தைராய்டு குறைபாடு அதிகம். அதுவும் மனச்சோர்வு போலவே தோன்றும். எனவே முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகே மருந்து. இத்தகைய பிள்ளையுள்ள வீட்டார், பழக்கம் மாறிய நாளையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல் வலியா, காது வலியா, வீட்டில் யாரேனும் பிரிந்தனரா என்று பாருங்கள்.

மருந்தோடு அவர் சொன்ன மற்றொன்றுதான் எங்களுக்குக் கடினமாயிருந்தது: அவனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கபரஸ்தானுக்கு நான்தான் அழைத்துச் சென்றேன். "நன்னி இங்கேயா?" என்றான். ஆம் என்றேன். நெடுநேரம் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தான்.

அறிவில் ஏதோ குறையிருந்த பெண்மணி ஒருவர் அழைத்தபோது, அவர் விரும்பிய தெருவுக்கே சென்று, அவர் தேவை தீரும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடனிருந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை எத்தனை முறை பாடமாக நடத்தியிருக்கிறேன்!

இப்போது சாப்பிடுகிறான். செருப்பு அடுக்கவும் வந்துவிட்டான். மஃரிப் வேளையில் மட்டும் சில நாள் வாசலில் போய் நிற்பான். யாரும் அவனை உள்ளே இழுப்பதில்லை.